ஓடையைத் தாண்டி ஓட்டுப் போட்ட முள்ளம்பன்றி

ஒரு காட்டில், சிங்கம் இல்லாத காரணத்தால், எல்லோருமே ராஜாவாக இருந்தார்கள். அதனால் அங்கே உத்தரவு போட ஆள் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. கருவேலங்காடு என்று அதற்குப் பெயர். ஓரமாக ஓர் ஓடை ஓடியது. ஓடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் எருமை குறுக்கே படுத்தால் தண்ணீர் நின்றுவிடும். அக்கரையில் மூங்கில்காடு, அதற்கும் அப்பால் இன்னும் ஐந்து காடுகள். கோடைக்குக் கோடை தண்ணீருக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறியது போதும் என்று, ஏழு காடுகளும் கூடி ஏழுகாட்டுச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்திக்கொண்டிருந்தன.

சங்கம் வந்த பிறகு யாரும் எங்கேயும் போகலாம், கிழங்கு தோண்டலாம், தண்ணீர் குடிக்கலாம், பெண் எடுக்கலாம், பெண் கொடுக்கலாம். பதிலுக்குச் சங்கத்தின் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். சட்டம் போடும் பொறுப்பு யானைகளுடையது. யானை நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். தின்றுகொண்டே செய்யக்கூடிய வேலை சட்டம் போடுவது ஒன்றுதான் என்பதால் சட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. குரங்குகள் பழத்தை ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடக் கூடாது. வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும்போது கீழே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எருமைகள் ஓடையில் படுக்குமுன் மீன்களுக்குச் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றி பொறுத்துக்கொண்டிருப்பான். அவனால் பொறுக்க முடியாதது ஒரே ஒரு சட்டம்தான். பொதுப் பாதையில் நடக்கிற முள் உள்ள பிராணிகள், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு நெல்லிக்காயைச் செருகிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். தண்ணீர் வரிசையில் பின்னால் பார்க்காமல் உட்கார்ந்த ஒரு யானைக்குட்டிதான் இதற்குக் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. பின்னால் நின்றவன் ஈட்டியப்பன்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அவனுடைய அப்பா நடந்து வந்தால் சிறுத்தை ஒதுங்கி வழி விடுமாம். மகன் நடந்து வந்தால் மான்குட்டிகள் பின்னாலேயே வந்து நெல்லிக்காய் பறித்துத் தின்றன. மைனாக்கள் மேலே உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசின. பெயரோ ஈட்டியப்பன், பிழைப்போ நெல்லி மரம். மனசு நோகுமா நோகாதா?

முன்பக்கத்து முள்களுக்கு அவனே செருகிக்கொள்வான். பின்பக்கம் எட்டாது. அதற்கு அவன் மனைவி சிலம்பாயி இருந்தாள். விடிந்ததும் வளை வாசலில் அவன் குந்திக்கொள்வான், அவள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருகுவாள். முள்ளம்பன்றி பகலில் தூங்கும் பிராணி என்று படித்தவர்கள் சொல்வார்கள். இந்த வேலை இருக்கும்போது எங்கே தூங்குவது? செருகிக்கொண்டே அவள் ஊர் வம்பெல்லாம் சொல்வாள். அவன் சங்கத்தைத் திட்டிக்கொண்டே கேட்பான். உண்மையைச் சொன்னால், நாளிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

சிலம்பாயி பிறந்தது அக்கரை மூங்கில்காட்டில். நெல்லி மரங்கள் இருந்ததும் அங்கேதான். அவள் அம்மா அங்காயி, மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று கூடை நிறைய நெல்லிக்காயோடு ஓடையைத் தாண்டி வருவாள். வந்த கையோடு இக்கரையில் கிழங்கு தோண்டி, சுத்தம் செய்து, மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். மாப்பிள்ளையும் சங்கத்தைத் திட்டிக்கொண்டே தின்று முடிப்பான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காட்டில் தோகைராயர் என்று ஒரு மயில் இருந்தார். அவருக்கு வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாதவருக்குத் தோகையும் இருந்தால் அடுத்து என்ன வரும்? பேச்சு வரும். ஒருநாள் பாறைமேல் ஏறி நின்று அவர் பேசினார்.

"நான் ஆடுகிறேன், மழை பெய்கிறது. இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா?"

மேகத்தைப் பார்த்துவிட்டுத்தானே நீங்கள் ஆடவே ஆரம்பிக்கிறீர்கள் என்று ஒரு தவளை சொல்ல வாயெடுத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்கள்.

"நம் காட்டில் நான் ஆடுகிறேன். மழையோ ஏழு காட்டிலும் பெய்கிறது. மற்ற ஆறு காட்டுக்காரன் என்ன ஆடினான்?"

கருவேலங்காடு இதுவரை இப்படி யோசித்ததே இல்லை. அட ஆமாம், அவன் என்ன ஆடினான் என்று எருமைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சங்கத்திலிருந்து வெளியேறிவிட்டால் மழை முழுவதும் நமக்கே, கிழங்கு முழுவதும் நமக்கே, சட்டமும் நாமே போட்டுக்கொள்ளலாம் என்றார் ராயர். 'நம் மழை நமக்கே' என்கிற கோஷம் அன்றைக்கே பிறந்தது. ஈட்டியப்பனுக்கு மழையைப் பற்றி அக்கறை இல்லை. கோஷம் போட்ட உற்சாகத்தில் அவன் முள்களெல்லாம் சிலிர்த்து எழுந்தன. நெல்லிக்காய்கள் நாலாபுறமும் தெறித்தன. ஒன்று ராயரின் கொண்டையிலேயே பட்டது. அவர் அதை மலர் தூவியதாக எடுத்துக்கொண்டார்.

அதோடு காடு இரண்டாகப் பிரிந்தது. போவோம் என்று ஒரு கட்சி, இருப்போம் என்று ஒரு கட்சி. மரங்கொத்திகள் மரத்துக்கு மரம் செய்தி தட்டின. முதல் மரத்தில் என்ன தட்டினார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வந்ததை வந்தபடியே அடுத்த மரத்துக்கு அனுப்பிவிடுவதுதான் மரங்கொத்திகளின் தொழில் தர்மம். நம் கிழங்கைத் தின்றுதான் மூங்கில்காட்டார் இவ்வளவு கொழுத்திருக்கிறார்கள் என்று கிளம்பிய செய்தி, காட்டின் மறு ஓரத்தைச் சேரும்போது நம் மாமியார்களையே அவர்கள் தின்றுவிட்டார்கள் என்று ஆகியிருந்தது. அந்தச் செய்திக்கு ஆதரவும் கொஞ்சம் இருந்தது.

பிணந்தின்னிக் கழுகுகள் பந்தியில் தனித்தனியாக உட்கார்ந்தன. வாசலைப் பூசி அடைத்த மரப்பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த பெண் இருவாச்சிப் பறவை, இடுக்கு வழியாக அலகை நீட்டி இருப்போம் என்று சொல்லிவிட்டது. சொன்னதை வாபஸ் வாங்கினால்தான் பழம் என்று ஆண் இருவாச்சி வெளியே பழத்தோடு நின்றது. வௌவால்கள் இரண்டு கட்சிப் பேச்சையும் தலைகீழாகக் கேட்டு, தலைகீழாகவே புரிந்துகொண்டு, கடைசியில் சரியாகத்தான் புரிந்துகொண்டனவோ என்று எல்லோரையும் குழப்பின.

இருப்போம் கட்சிக்கு உடும்பு தலைமை தாங்கியது. பிடித்ததை விடாத பிராணி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச விட்டதுதான் தப்பாகப் போயிற்று. சங்கத்தில் இருப்பதால் வரும் நன்மைகளைத் தலைப்பு வாரியாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது உடும்பு. இரண்டாவது தலைப்புக்குள் கூட்டம் பாதி கலைந்திருந்தது, மீதி தூங்கியிருந்தது.

தோகைராயரின் கூட்டத்திலோ உட்கார இடமில்லை. வெளியேறிய பிறகு என்னென்ன சட்டம் போடலாம் என்று அவர் கூட்டத்தையே கேட்டார். வெளிக்காட்டார் யாரையும் உள்ளே விடக் கூடாது என்றது ஒரு கரடி. கைதட்டல் எழுந்தது. நான் இந்தக் காட்டுக்காரன் என்று பொய் சொல்லி யாராவது நுழைந்தால் என்ன செய்வது என்று ஒரு முயல் கேட்டது. அப்போதுதான் ஈட்டியப்பன் எழுந்தான். பொதுக்கூட்டத்தில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"உள்ளே இருக்கிறவங்க யாராவது சாட்சி சொல்லணும். சாட்சி சொல்றவங்க இந்த மண்ணுலயே பிறந்தவங்களா இருக்கணும். பிறந்தவங்க பேச்சுதான் எடுபடணும்."

ராயர் பாறையிலிருந்து இறங்கி வந்து, குத்தாத இடமாகப் பார்த்து, அவனைத் தட்டிக்கொடுத்தார். இந்த மாதிரி அறிவாளிகளுக்கா நெல்லிக்காய் என்று கேட்டார். ஈட்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் யாருக்கும் வழி விடாமல் நடந்தான்.

மறுநாள் விடிந்தது. வழக்கம்போல அவன் வாசலில் குந்தினான், சிலம்பாயி பின்னால் உட்கார்ந்தாள். ஆனால் வம்பு எதுவும் சொல்லவில்லை. பாதி முதுகு வரைக்கும் வாய் திறக்காமல் செருகிக்கொண்டு வந்தவள், நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, வெளிக்காட்டார் வெளிக்காட்டார்னு சொல்றீங்களே, அது யாரு?"

"அக்கரையிலேருந்து வந்து நம்ம கிழங்கைத் தோண்டறவங்க."

"நானும் அக்கரைதானே?"

"உன்னைச் சொல்லலடி. மத்தவங்களைச் சொன்னேன். நீ நம்மாளு."

"அப்ப எங்கம்மா?"

ஈட்டியப்பன் காதைச் சொறிந்தான். அக்கரையிலிருந்து வந்து கிழங்கு தோண்டுகிறவர்களில் அவனுக்கு நேரில் தெரிந்த ஒரே ஆள் அங்காயிதான். தோண்டிய கிழங்கு போன இடம் அவன் வயிறு. அத்தை வேறு, அது வேறு என்று ஏதோ சொல்லிப் பார்த்தான்.

"பிறந்தவங்க பேச்சுதான் எடுபடணும்னீங்களாமே. அப்ப என் பேச்சு?"

"வீட்டுல உன் பேச்சுதானே எடுபடுது" என்றான் அவன், சமாதானமாகப் போகட்டும் என்று.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் சிலம்பாயி. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பான். அவள் பயமாகவே சொன்னதால் என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று முனகினான். அவள் நெல்லிக்காய்க் கூடையை அவன் முன்னால் வைத்துவிட்டு வளைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு ஈட்டியப்பன் பாதி மரமாகவும் பாதி ஈட்டியாகவும் வெளியே போனான். பின்னால் வந்த மான்குட்டி ஒன்று மூக்கைக் குத்திக்கொண்டு அழுதது.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. கருவேலங்காட்டில் ஓட்டுப் போட ஒரு வழக்கம் உண்டு. குளம்புக்காரர்களால் பேனா பிடிக்க முடியாது, குரங்கிடம் பேனாவைக் கொடுத்தால் திரும்பி வராது. ஆகவே எதற்கும் காலால்தான் ஓட்டு. இருக்கிறபடியே இருக்கட்டும் என்பவர்கள் இருக்கிற இடத்திலேயே நிற்பார்கள். மாற்றம் வேண்டும் என்பவர்கள் ஓடையைத் தாண்டி அக்கரையில் நிற்பார்கள். ஆமையார் நடுவில் ஒரு கல்லின்மேல் நின்று தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் எல்லோரும் வீடு திரும்புவார்கள். பலா மரத்தைப் பங்கு போடுவதிலிருந்து கரடியின் குறட்டைக்கு இடம் ஒதுக்குவது வரை எல்லாம் இப்படித்தான் முடிவாயிற்று. இதற்கும் இப்படியே செய்யலாம் என்றார்கள். ஒருவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

ஈட்டியப்பன் கிளம்பும்போது சிலம்பாயி வாசலுக்கு வந்தாள். அக்கரை எங்கம்மா காடாச்சே, அங்கே போய் நின்று இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா என்று கேட்டாள். ஓட்டுப் போட்டுவிட்டு உடனே வந்துவிடுவேன், கிழங்கை உரித்து வை என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். நெல்லிக்காய் இல்லாமல், அப்பா நடந்த மாதிரி.

போவோம் கட்சி ஆரவாரமாக ஓடையில் இறங்கியது. எல்லோரும் கொள்கைக்காக இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது. எருமைகள் குளிக்க வந்து அப்படியே அக்கரை ஏறின. அக்கரை அத்தி மரம் பழுத்திருந்ததால் குரங்குகள் மொத்தமாகத் தாவின. முன்னால் போன மான் போனதால் பின்னால் வந்த மானும் போனது. தவளைகள் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கத்தியதால் செல்லாத ஓட்டாயின. உடும்பு இக்கரை வேரைக் கவ்விக்கொண்டு படுத்திருந்தது.

தோகைராயர் மட்டும் அக்கரைக்கு வரவில்லை. தோகை நனைந்தால் மழைக்கு ஆகாது, நான் இங்கிருந்தே மேற்பார்வை செய்கிறேன் என்று பாறைமேலேயே நின்றுகொண்டார். ஆமையார் அவரை இருப்போம் கணக்கில் சேர்த்தார். ஓர் ஓட்டுப் போனால் போகட்டும் என்று ராயர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

எண்ணி முடிந்தது. அத்திப்பழத்தின் புண்ணியத்தில் போவோம் கட்சி ஜெயித்தது. இந்த நொடி முதல் கருவேலங்காடு ஏழுகாட்டுச் சங்கத்தில் இல்லை, ஓடைதான் எல்லை என்று ஆமையார் அறிவித்தார். அக்கரையில் ஒரே கொண்டாட்டம். கரடி ஈட்டியப்பனைக் கட்டிக்கொண்டது, உடனே விட்டுவிட்டது. ஆட்டமெல்லாம் ஓய்ந்து, பசி எடுத்து, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று ஓடையில் கால் வைத்தார்கள்.

"நில்லுங்கள்" என்றார் தோகைராயர். "வெளிக்காட்டார் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று நாம் முடிவு செய்திருக்கிறோம்."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ராயர் சிரிக்கவில்லை. ஈட்டியப்பன் முன்னால் வந்து, நான் இந்தக் காட்டுக்காரன் என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் ராயர். ஆமையாரிடம் நியாயம் கேட்டார்கள். ஆமையார் தலையை உள்ளே இழுத்து யோசித்துவிட்டு வெளியே நீட்டினார்.

"வெளியேற விருப்பமா என்று கேட்டோம். விருப்பம் என்றீர்கள். வெளியேறியும் விட்டீர்கள். இதில் என்ன குழப்பம்?"

இருப்போம் கட்சிக்காரர்களாவது பரிந்து பேசியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் வாங்கிய வசவெல்லாம் அவர்களுக்கு நினைவு இருந்தது. தவிர, எதிர்க்கட்சி மொத்தமும் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது காடு எவ்வளவு அமைதியாக, எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்பதையும் அவர்கள் அப்போதுதான் கவனித்தார்கள். சட்டம் என்றால் சட்டம்தான் என்றது உடும்பு, வேரைக் கவ்விய வாயோடு. கருவேல முள்ளைக் கொண்டுவந்து கரை ஓரமாகப் போடும் வேலையில் நிறையப் பேர் உற்சாகமாக இறங்கினார்கள்.

சாட்சி இருந்தால் வரலாம் அல்லவா என்று ஈட்டியப்பனுக்குத்தான் முதலில் தோன்றியது. அவன் போட்ட சட்டமாயிற்றே. ஒவ்வொருவராகச் சாட்சி தேடினார்கள். பலருக்கு, வீட்டோடு மொத்தமாக அக்கரை வந்துவிட்டதால், உள்ளே ஆளே இல்லை. ஆள் இருந்தவர்களுக்கோ, கட்சிச் சண்டையில் முகம் பார்த்து நாளாகியிருந்தது. பொந்துக்குள் இருந்த பெண் இருவாச்சி, கணவன் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, பழக்கமில்லாத பெயராக இருக்கிறதே என்றது.

ஈட்டியப்பனுக்கு அந்தக் கவலை இல்லை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் சிலம்பாயி ஓடி வந்து நின்றிருந்தாள். கையில் உரித்த கிழங்கு இருந்தது.

"இவர் யாரும்மா?" என்று கேட்டார் ஆமையார்.

"என் வீட்டுக்காரர். நம்மாளு" என்றாள் சிலம்பாயி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஆமையாருக்கே வருத்தமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ இங்கே பிறக்கலையேம்மா. பிறந்தவங்க பேச்சுதான் எடுபடும்."

சிலம்பாயி ஈட்டியப்பனைப் பார்த்தாள். ஈட்டியப்பன் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீரில் அவன் முகமே தெரிந்ததால் அங்கேயும் பார்க்க முடியவில்லை. அப்படியானால் இவளை மட்டும் எப்படி உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று அத்தி மரத்திலிருந்து ஒரு குரங்கு கேட்டது. உள்ளே இருப்பவர்களை அனுப்பும் சட்டம் இன்னும் போடவில்லை, அதைப் போடுவதாக இருந்தவர்கள் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள் என்றார் ஆமையார்.

பொழுது சாய்வதற்குள் அங்காயி கரைக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஈட்டியப்பனுக்கு இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஆக, வெளிக்காட்டார் நம் காட்டில் இருக்கக் கூடாது என்று கிளம்பிய ஈட்டியப்பன் வெளிக்காட்டில் வீட்டோடு மாப்பிள்ளையானான். மூங்கில்காட்டில் நெல்லிக்காய்ச் சட்டம் அப்படியே இருந்தது. விடிந்ததும் வாசலில் குந்துவான்; அங்காயி பின்னால் உட்கார்ந்து செருகுவாள். கொஞ்சம் அழுத்தியே செருகுவாள். வம்பு எதுவும் சொல்ல மாட்டாள். தண்ணீர் வரிசையில் நின்றால், அக்கரையிலிருந்து வந்து நம் கிழங்கைத் தோண்டுகிறார்கள் என்று யாராவது அவன் காதுபடப் பேசுவார்கள். முதல்முறை கேட்டபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று அவனும் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் புரிந்தது.

சாயங்காலமானால் கரைக்குப் போய் நிற்பான். எதிர்க்கரையில் சிலம்பாயி வந்து நிற்பாள். ஓடை சின்னது என்பதால் கத்த வேண்டியதில்லை, சாதாரணமாகவே பேசலாம். வளையில் மண் சரிகிறது என்பாள் அவள். கிழக்கு மூலையில் கல் வை என்பான் இவன். சாப்பிட்டீங்களா என்பாள். அத்தை போட்டார்கள் என்பான். நீயும் வந்துவிடேன் என்றால், வந்தால் திரும்ப விடமாட்டார்களே, வளை என்னாவது என்பாள். அவளைத் தொட வேண்டும் போல இருக்கும். முள்வேலி இருந்தது. தன் முள்ளைவிட அந்த முள் கூர்மையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவான். நான் ஒரு முட்டாள் என்று ஒருநாள் அவளிடம் சொல்லியேவிட்டான். தெரியும், குளிக்காமல் படுக்காதீர்கள் என்றாள் அவள்.

எதுவும் பழகிவிடும். முள்ளம்பன்றிக்குக் கொஞ்சம் சீக்கிரமே பழகிவிடும். முன்னும் பின்னும் ஒரு நெல்லிக்காய் குறையாமல் நடக்கிற ஒழுங்கான பிரஜை என்று யானைகளின் கண்ணில் ஈட்டியப்பன் பட்டான். அதற்கெல்லாம் அங்காயியின் கைவேலைதான் காரணம் என்று யானைகளுக்கு யார் சொல்வது? பொதுப் பாதையில் வருகிறவர்கள் நெல்லிக்காயோடு வருகிறார்களா என்று பார்க்கும் வேலையை அவனுக்கே கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு முள்ளெலியை நிறுத்தி, இதெல்லாம் ஒரு காயா, சட்டம் என்றால் விளையாட்டாகப் போய்விட்டதா என்று கேட்டான். குரல் கணீரென்று வந்தது.

இதற்கிடையில் கருவேலங்காட்டில் தோகைராயர் தினமும் ஆடினார். மழை வரவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் ஆடுவதால்தான் வரவில்லை என்றார். நெல்லிக்காய் இல்லை, அத்தி இல்லை, இருந்த கிழங்கும் தீர்ந்தது. முக்கியமாக, திட்டுவதற்கு எதிர்க்கட்சி இல்லை. எல்லோருமே இருப்போம் கட்சி, இருப்பதற்குத்தான் சங்கம் இல்லை. மறுபடியும் சங்கத்தில் சேருவது பற்றி ஓட்டெடுக்க வேண்டும் என்று ராயரைக் கேட்டார்கள். காடு ஒருமுறை சொன்ன சொல் சொன்னதுதான் என்றார் ராயர். அப்போது உடும்பு, தலைப்பு எதுவும் இல்லாமல், நேராகப் போய் அவர் காலைக் கவ்வியது. ராயர் சம்மதிக்கும் வரைக்கும் விடவில்லை.

ஓட்டு நாள் குறித்தார்கள். வழக்கத்தை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. மாற்றம் வேண்டும் என்பவர்கள் ஓடையைத் தாண்டி அக்கரையில் நிற்க வேண்டும். மாற்றம் எல்லோருக்குமே வேண்டும். முள்ளை ஒதுக்கிவிட்டுக் காடு மொத்தமும் திரண்டு ஓடையில் இறங்கியது. இருவாச்சி குஞ்சுகளோடு பறந்தது. ஆமையாரும் கல்லிலிருந்து இறங்கி, எண்ண என்ன இருக்கிறது என்று அந்தப் பக்கமே போய்விட்டார். பாறையில் ராயர் ஒருவர்தான் மிச்சம். அவர் கருவேலங்காட்டின் சார்பாகத் தனக்குத்தானே ஒரு வாழ்த்துரை வழங்கி, ஏகமனதாக அதை ஏற்றுக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்து மழை வந்தது. ஏழு காட்டிலும் ஒரே மாதிரிதான் பெய்தது.

அக்கரையில், பாதை தொடங்கும் இடத்தில், ஈட்டியப்பன் வேலையில் இருந்தான். பக்கத்தில் அங்காயி நெல்லிக்காய்க் கூடையோடு நின்றிருந்தாள். மழையில் நனைந்துகொண்டு கும்பல் கும்பலாகக் கரையேறுகிறவர்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல் வந்தது. இருக்கிற கிழங்கு இருக்கிறவர்களுக்கே போதவில்லை. முள்கள் சிலிர்த்தன, நெல்லிக்காய் ஒன்று தெறித்து விழுந்தது.

"எங்கேருந்துதான் வந்து குவியறாங்களோ" என்றான் மாமியாரிடம். "நம்ம காடு தாங்குமா?"

"அப்ப நான்?" என்று ஒரு குரல் கேட்டது.

கும்பலின் முன்வரிசையில் சிலம்பாயி நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். முள்ளில் ஒரு நெல்லிக்காய் கிடையாது. சட்டப்படி அவளைத்தான் அவன் முதலில் நிறுத்த வேண்டும்.

ஈட்டியப்பன் காதைச் சொறிந்தான்.

"உன்னைச் சொல்லலடி" என்றான். "மத்தவங்களைச் சொன்னேன்."

சிலம்பாயி அம்மாவின் கையிலிருந்த கூடையை வாங்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, திரும்பி, முதுகைக் காட்டிக் குந்திக்கொண்டாள்.

"செருகுங்க" என்றாள்.

அவன் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஊர் வம்பு எதையோ தானாகவே சொல்லத் தொடங்கினான்.

நீதி: காட்டை விட்டு வெளியேற ஓட்டுப் போடுமுன், மாமியார் வீடு எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கரையில் இருந்தால் தாராளமாக வெளியேறலாம்.